சின்ன வளையத்தைப் பார்த்து வாங்கிய கிராங்க்

ஏற்றத்தின் கடைசி வளைவு. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்துக்கொண்டிருந்தேன். இடது காலுக்குக் கீழே கறக் என்று ஒரு சத்தம். அடுத்த மிதியில் காலணியும் அதன் அடியில் கவ்வியிருந்த பெடலும் சேர்ந்தே, பெடலைத் தாங்கும் கையான கிராங்கை விட்டு வெளியே வந்துவிட்டன. விழவில்லை. விழுவதற்கு வேகம் இருந்தால்தானே. பின்னால் வந்த நண்பன், "டேய், பெடலைக் கால்லயே மாட்டிக்கிட்டு எங்கடா போற?" என்றான்.

ஓரமாக உட்கார்ந்து பெடலைத் திருப்பிப் பார்த்தேன். அதன் மரையில் அலுமினியம் சுருள் சுருளாகச் சுற்றியிருந்தது, பென்சில் சீவும்போது அறுபடாமல் நீளமாக வரும் சீவல் மாதிரி. கிராங்கின் துளைக்குள் விரலை விட்டால் வழவழவென்று இருந்தது. உள்பக்க ஓரத்தில் மட்டும் இரண்டு சுற்று மரை பாக்கி. பெடலின் அச்சு எஃகு, கிராங்க் அலுமினியம். இரண்டுக்கும் சண்டை வந்தால் எது தோற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தப்பு என்னுடையதுதான். இரண்டு மாதம் முன்பு சைக்கிளைப் பெட்டியில் அடைக்க வேண்டி பெடல்களைக் கழற்றினேன். திரும்ப மாட்டும்போது அவசரம். முதல் மூன்று நான்கு சுற்றை விரலால் திருக வேண்டும், அப்போதுதான் மரை நேராகப் பிடிக்கிறதா என்று கைக்குத் தெரியும். நான் எடுத்ததுமே ஸ்பேனரைப் போட்டேன். இறுகியது. கோணலாகப் போனாலும் இறுகத்தான் செய்யும். அப்புறம் சில நாளில் மிதிக்கும்போதெல்லாம் டிக், டிக் என்று ஒரு சத்தம். சீட் கம்பியைக் கழற்றி கிரீஸ் தடவினேன். காலணியின் அடியிலிருக்கும் கிளீட்டை மாற்றினேன். பாட்டில் ஸ்டாண்டின் போல்ட்டைக்கூட இறுக்கிப் பார்த்தேன். சத்தம் வந்த இடத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன்.

இடது பெடலின் மரை தலைகீழானது, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் இறுகும். ஏன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு பென்சிலை முஷ்டிக்குள் தளர்வாகப் பிடித்து அதன் முனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். நீங்கள் சுற்றும் திசைக்கு எதிர்த்திசையில் பென்சில் தானாக உருளும். பெடல் அச்சும் துளைக்குள் இப்படித்தான் நூலிழை அளவு உருண்டுகொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே மரை வைத்தால் இடது பக்கம் காலப்போக்கில் கழன்று வந்துவிடக்கூடும். ரைட் சகோதரர்கள் விமானத்துக்கு முன்பு சைக்கிள் கடை நடத்தியவர்கள் அல்லவா, அவர்கள் 1900ஆம் ஆண்டு விற்ற சைக்கிள்களில் இந்த இடது மரைப் பெடலை ஒரு சிறப்பம்சமாகவே விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு யோசித்துச் செய்த ஏற்பாட்டை நான் ஒரு ஸ்பேனரால் முடித்துவைத்தேன்.

சரி, இப்போது என்ன செய்வது? முழு கிராங்க்செட்டையும் (இரண்டு கிராங்கும் முன் பல் வளையங்களும் சேர்ந்த தொகுதி) மாற்றியே ஆக வேண்டும் என்பதில்லை. துளையைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, எஃகு மரைக் குழாய் ஒன்றை உள்ளே ஏற்றி, பழைய அளவுக்கே கொண்டுவரலாம். பெடல் மரை உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான், 9/16 அங்குலக் குறுக்களவு, அங்குலத்துக்கு 20 சுற்று. ஒழுங்காகச் செய்தால் பழைய அலுமினிய மரையைவிட உறுதியாகவே இருக்கும். இல்லையென்றால் கிராங்கின் இடது கையை மட்டும் தனியாக வாங்கி மாட்டலாம். முழு செட்டைவிட அது மலிவு, அதே அச்சு வகையும் அதே நீளமும் கிடைத்தால் போதும். உங்கள் வளையங்கள் நன்றாக இருக்கின்றன, கியர்கள் உங்களுக்குப் பொருந்துகின்றன என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் இடது கை மட்டும் போதும் என்றுதான் நினைத்தேன். கெட்டது எங்கே என்றால், கழற்றியதுதான் கழற்றினோம், துடைத்துவிடுவோமே என்று மண்ணெண்ணெயும் பழைய பல் துலக்கியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்ததில்.

என்னுடையது 53/39. அதாவது பெரிய வளையத்தில் 53 பல், சின்னதில் 39. பின்னால் கேசட்டில் 12 பல்லிலிருந்து 28 பல் வரை பத்து சக்கரங்கள். அழுக்கு போனதும் பெரிய வளையத்தைப் பார்த்தேன். பற்களின் பக்கவாட்டில் தொழிற்சாலையில் பூசிய கறுப்பு அப்படியே இருந்தது. ஒவ்வொரு பல்லின் நுனியும் தட்டையாக, புதிது போல. சின்ன வளையமோ எல்லாப் பல்லும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெலிந்து, சுறாவின் துடுப்பு வரிசை மாதிரி நின்றது. கேசட்டிலும் அதே கதை. 28, 25 பல் சக்கரங்களில் தேய்மானம் கண்ணுக்குத் தெரிந்தது. 12உம் 13உம் பளபளவென்று முகம் பார்க்கலாம் போல இருந்தன.

ஆறு வருடம் நான் எப்படி ஓட்டினேன் என்பதை அந்த உலோகம் எழுதி வைத்திருந்தது. வாங்கும்போது 53 என்ற எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன், பந்தயக்காரர்கள் வைத்திருப்பது. ஓட்டியதெல்லாம் 39இல்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 25 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.1 மீட்டர் போகும். முன்னால் 53க்குப் பின்னால் 12 போட்டு நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 50 கி.மீ. அந்த வேகத்தை நான் இறக்கத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதுவும் மிதிக்காமல், பிரேக்கில் விரல் வைத்துக்கொண்டு. 50 பல் வளையம் என்றாலும் அதே 12இல் 47 கி.மீ. வரும். இந்த மூன்று கிலோமீட்டரை விட்டுக்கொடுப்பதில் எனக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஏற்றத்தின் கணக்குதான் வலித்தது. என் எடையும் சைக்கிளின் எடையும் சேர்த்து 84 கிலோ. நண்பன் வீட்டு டிரெய்னரில் (நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவி) பார்த்தபோது நான் நீண்ட நேரம் தாக்குப்பிடித்தது 170 வாட். 8 சதவீதச் சரிவில் அந்த 170 வாட் என்னை மணிக்கு 8.7 கி.மீ. வேகத்தில்தான் ஏற்றும். இதை எந்த கியரும் மாற்ற முடியாது. கியர் மாற்றுவது அந்த வேகத்தில் கால் எத்தனை முறை சுற்றுகிறது என்பதை மட்டும்தான். 39க்கு 28 என்றால் நிமிடத்துக்கு 50 சுற்று. ஒவ்வொரு மிதியும் மாடிப்படி ஏறுவது போல, முட்டியின் மேல் முழு எடை. 34க்கு 28 என்றால் 57. 34க்கு 32 என்றால் 65. 30க்கு 32 என்றால் 74. எழுந்து நின்று மிதிப்பதை இத்தனை நாளும் என் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்து மிதிக்க கியர் இல்லாததால் எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அப்படியானால் சின்ன வளையத்தை மட்டும் மாற்றிவிடலாமே என்று தோன்றும். முடியாது. வளையங்கள் கிராங்கின் ஐந்து விரல்களில் போல்ட் போட்டு நிற்கின்றன. என்னுடையதில் அந்த ஐந்து போல்ட்டுகளும் சேர்ந்து வரையும் வட்டத்தின் குறுக்களவு 130 மி.மீ. 34 பல் வளையத்துக்கு செயின் சுற்றும் வட்டமே சுமார் 138 மி.மீ.தான். அதில் 130 மி.மீ. வட்டத்தில் துளை போட்டால் துளை பல்லின் வேரிலேயே விழும். அதனால் 130 மி.மீ. கிராங்கில் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது. காம்பேக்ட் என்று விற்கும் கிராங்குகளில் இந்த வட்டம் 110 மி.மீ. அதில் 34 சாதாரணம், 33கூடக் கிடைக்கும். சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோ நிறுவனத்தார் பிற்பாடு ஐந்து விரலை நான்காக்கி, ஒரே 110 மி.மீ. வட்டத்திலேயே 53/39, 52/36, 50/34 மூன்றையும் மாட்டும்படி செய்துவிட்டார்கள். அந்த வகை உங்களிடம் இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிட்டு வளையங்களை மட்டும் வாங்கிக்கொள்ளலாம். என்னுடையது பழைய ஐந்து விரல். ஆக, கிராங்க்செட்டே புதிதாக வேண்டும் என்று ஆனது.

வாங்கப் போனால் எதையும் விரும்புவதற்கு முன் சைக்கிளின் சட்டத்திடம், அதாவது பிரேமிடம், அனுமதி கேட்க வேண்டும். கிராங்கின் அச்சு நுழையும் அந்தக் குழாய் என்ன வகை? தலைகீழாக நிறுத்திவைத்து வெர்னியர் வைத்து அளந்தேன். 68 மி.மீ. அகலம், உள்ளே மரை. வலது பக்கக் கப்பில் (பேரிங்கைத் தாங்கி அந்தக் குழாயில் திருகி நிற்கும் கிண்ணம்) 1.37 அங்குலம், 24 சுற்று என்று பொறித்திருந்தது. பிஎஸ்ஏ, பழைய ஆங்கிலேய மரை. அப்பாடா என்று இருந்தது. 70 மி.மீ. இருந்திருந்தால் இத்தாலிய வகையாக இருக்கக்கூடும். அதன் மரையின் குறுக்களவு 36 மி.மீ., இரண்டு பக்கமும் ஒரே திசை, கப்பும் வேறு.

மரை இல்லாத, அழுத்திப் பொருத்தும் வகைகள் வந்த பிறகுதான் இந்த இடம் குழப்பமாகிப் போனது. கேனன்டேல் என்ற சைக்கிள் நிறுவனம் 2000 வாக்கில் கொண்டுவந்து 2006இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிபி30 வகையில் அச்சு 30 மி.மீ., பிரேமின் துளை 42 மி.மீ. அதற்குப் பிறகு 46 மி.மீ. துளை, 41 மி.மீ. துளை, 37 மி.மீ. துளை என்று ஆளுக்கொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கெழுத்து, ஒவ்வொரு சுருக்கெழுத்துக்கும் சத்தமாக ஒரு ரசிகர் கூட்டம். கடைசியில் பலர் மறுபடியும் மரைக்கே திரும்பி டி47 என்று பெரிய துளை மரையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பெரிய வட்டம் போட்டு வந்த இடத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் சொல்கிறேன்.

இதில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். மெல்லிய அச்சைப் பெரிய துளையில் மாட்ட அடாப்டர் கிடைக்கும். தடித்த அச்சைச் சின்னத் துளையில் மாட்டுவது கஷ்டம். ஷிமானோவின் 24 மி.மீ. அச்சு 2003 வாக்கில் அவர்களின் உயர்தர வரிசையான டூரா-ஏஸில் வந்தது. பேரிங்கை பிரேமுக்கு வெளியே தள்ளி வைத்து, அச்சை வலது கையோடு சேர்த்தே செய்த அமைப்பு அது. இன்றைக்கும் கிட்டத்தட்ட எல்லா வகைப் பிரேமிலும் அதை ஏதாவது ஒரு வழியில் மாட்டிவிடலாம். இன்னொரு பாக நிறுவனமான ஸ்ராமின் டப் அச்சு 28.99 மி.மீ. 30 மி.மீ. அச்சைவிட ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் தூசி மறைப்புக்கு வழி செய்ய. அதையும் பிஎஸ்ஏவில் போடலாம், அதற்கென்றே கப் உண்டு. என்னிடம் ஏற்கெனவே இருந்தது 24 மி.மீ.க்கான கப், பேரிங்கும் நன்றாகச் சுழன்றது. அதனால் 24 மி.மீ. என்று முடிவு செய்து, பட்டியலில் பாதியை ஒரே கோட்டில் அடித்துவிட்டேன்.

பழைய சதுர அச்சு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜப்பானிய வகை, ஐரோப்பிய வகை என்று இரண்டு உண்டு. இரண்டும் 2 டிகிரி சரிவுதான், பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் நுனியின் பருமன் வேறு. மாற்றி மாட்டினால் கிராங்க் நான்கைந்து மில்லிமீட்டர் கூடுதலாக உள்ளே போகும் அல்லது வெளியே நிற்கும். ஏறிவிட்டது என்று திருப்தியாக இருக்கும், செயின் கோடு (சைக்கிளின் நடுக்கோட்டிலிருந்து முன் வளையங்கள் நிற்கும் தூரம்) எங்கேயோ போயிருக்கும்.

நான் உண்மையில் ஆசைப்பட்டது 46/30. மேலே சொன்ன கணக்கைப் பார்த்தவர் யாரும் அதைத்தான் விரும்புவார். சின்ன வளையத்தில் 30, பெரிய வளையத்தில் 46 என்றாலும் 12க்கு 90 சுற்றில் 43 கி.மீ. வருகிறது, எனக்குத் தாராளம். இரண்டு நாள் அந்தக் கனவோடு இருந்தேன். மூன்றாவது நாள் முன் டிரெய்லியரைப் பார்த்தேன். செயினைச் சின்ன வளையத்துக்கும் பெரிய வளையத்துக்கும் இடையே தள்ளும் அந்தக் கூண்டு, பெரிய வளையத்தின் பல் நுனிக்கு மேலே 1 முதல் 3 மி.மீ. இடைவெளியில் நிற்க வேண்டும். வளையம் சிறிதானால் கூண்டையும் கீழே இறக்க வேண்டும். 53இலிருந்து 46 என்றால் ஆரத்தில் 14 மி.மீ. குறைகிறது. என் பிரேமில் அதை மாட்டும் கொக்கி பிரேமோடு ஒட்டவைத்தது. அதில் இருக்கும் நீள் துளையில் எவ்வளவு இறக்க முடியும் என்று போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தேன். 8 மி.மீ. இறங்கியதும் முட்டி நின்றது. கனவு அங்கே முடிந்தது. பட்டை போட்டுக் குழாயில் கட்டும் டிரெய்லியர் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, வேண்டிய உயரத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 46/30 கிராங்குகளில் பல மண்பாதை சைக்கிள்களுக்கென்று செய்தவை. ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் வரிசையில் வளையங்கள் சாலை வரிசையைவிட 2.5 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும், அகலமான டயருக்கு இடம் விட. அதற்கு அதே வரிசையின் முன் டிரெய்லியர்தான் சரிப்படும். கிராங்க் வாங்கப் போய் டிரெய்லியர், அப்புறம் அதற்கான ஷிஃப்டர் (கியர் மாற்றும் பிடி) என்று நூல் பிடித்துப் போனால் கடைசியில் சைக்கிளே புதிதாகத்தான் வாங்க வேண்டியிருக்கும். 50/34 என்றால் ஆரத்தில் 6 மி.மீ. இறக்கம், கொக்கியின் துளைக்குள் அடங்கும். அதோடு சமாதானமானேன்.

பின் டிரெய்லியரையும் ஒரு முறை கணக்கில் கொண்டுவர வேண்டும். முன் வளையங்களின் வித்தியாசம் 16, பின் சக்கரங்களின் வித்தியாசம் 16, கூட்டினால் 32. தொங்கும் கை இழுத்துப் பிடிக்க வேண்டிய செயின் தொய்வு இவ்வளவு. என்னுடையதன் வரம்பு 33 என்று கையேட்டில் இருந்தது. மயிரிழையில் தப்பித்தேன். வரம்பை மீறினால் சின்னதுக்குச் சின்னது போடும்போது செயின் தொங்கி ஆடும். அதைவிட மோசம், பெரியதுக்குப் பெரியது போடும்போது செயின் நீளம் போதாமல் இழுத்துப் பிடித்துக்கொள்வது. செயினை வெட்டும்போது எப்போதும் பெரியதுக்குப் பெரியது சுற்றி அளப்பது அதனால்தான்.

நீளத்துக்கு வருகிறேன். இதைத்தான் நான் கடைசியில் யோசித்தேன், முதலில் யோசித்திருக்க வேண்டும்.

பழைய கிராங்க் 172.5 மி.மீ. என் உயரம் 168 செ.மீ. அந்த நீளம் எனக்கு எப்படி வந்தது? சைக்கிளோடு வந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. சாலை சைக்கிள்களில் 165இலிருந்து 175 வரைதான் எளிதாகக் கிடைக்கும். பத்தே மில்லிமீட்டர் வித்தியாசம், இதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். நீளமான கிராங்க் நீளமான நெம்புகோல், ஆகவே அதிக சக்தி என்பது பரவலான நம்பிக்கை. ஜேம்ஸ் மார்ட்டினும் உடன் ஆய்வாளரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் 120 மி.மீ.லிருந்து 220 மி.மீ. வரை ஐந்து நீளங்களை வைத்து ஓட்டுநர்களின் உச்ச சக்தியை அளந்தார்கள். அந்த ஐந்து நீளங்களுக்குள் கிடைத்த அதிகபட்ச வித்தியாசம் 4 சதவீதம் அளவுதான். கடையில் கிடைக்கும் பத்து மில்லிமீட்டருக்குள் சக்தியைத் தேடுவதில் அர்த்தமில்லை என்று ஆகிறது. 176 செ.மீ. உயரமுள்ள பந்தய வீரர் டாடே போகாச்சர் 2024இல் 165 மி.மீ. கிராங்குக்கு மாறி, அந்த ஆண்டு இத்தாலியின் ஜிரோ, பிரான்சின் டூர், உலகச் சாம்பியன் பட்டம் மூன்றையும் வென்றார். கிராங்கால் வென்றார் என்று சொல்லவில்லை. குட்டையான கிராங்க் அவரைத் தடுக்கவில்லை.

சக்தியில் மாற்றம் இல்லையென்றால் மாறுவது எது? முட்டி. 172.5ஐ 165 ஆக்கினால் மிதியின் அடிப்பகுதியில் பெடல் 7.5 மி.மீ. மேலே வரும். கால் அதே அளவு நீள வேண்டுமானால் சீட்டை 7.5 மி.மீ. உயர்த்த வேண்டும். மேல்பகுதியில் பெடல் 7.5 மி.மீ. கீழே இறங்கியிருக்கும், சீட்டோ அதே அளவு ஏறியிருக்கும். ஆக, முட்டி உச்சியில் மடங்கும் இடத்தில் மொத்தம் 15 மி.மீ. இடம் கிடைக்கிறது. குனிந்து ஓட்டும்போது தொடை வயிற்றில் இடிக்கும் ஆட்களுக்கு (நான் அந்த ஆள்) ஒன்றரை சென்டிமீட்டர் பெரிய விஷயம். இதற்கு ஒரு விலை உண்டு. சீட் உயர்ந்ததால் ஹேண்டில்பார் அதே 7.5 மி.மீ. தாழ்ந்ததாக உணர்வீர்கள். தண்டுக்கு அடியில் ஒரு வாஷர் வளையத்தை மாற்றிப் போட வேண்டியிருந்தது.

நெம்புகோல் குறைந்ததால் மிதி கனக்காதா? கனக்கும். அதே கியரில் 4.5 சதவீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். நீளத்தையும் வளையத்தையும் தனித்தனியாக யோசிக்கக் கூடாது என்பது இங்கேதான் புரிந்தது. சைக்கிள் நுட்பங்களைப் பல வருடம் எழுதிக் குவித்த ஷெல்டன் பிரவுன் இதற்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். சக்கரத்தின் ஆரத்தைக் கிராங்கின் நீளத்தால் வகுத்து, கியர் விகிதத்தால் பெருக்குவது. பெடல் ஒரு மீட்டர் நகர்ந்தால் சைக்கிள் எத்தனை மீட்டர் நகர்கிறது என்பது கிடைக்கும். என் பழைய அமைப்பில் 39க்கு 28, 172.5 மி.மீ. கிராங்க்: 2.70. புதியதில் 34க்கு 28, 165 மி.மீ.: 2.46. கிராங்க் குட்டையாகியும் ஏற்றம் 9 சதவீதம் லேசாகிறது. 39ஐ வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் குறைத்திருந்தால் என் முட்டி என்னை மன்னித்திருக்காது.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. எடை பார்க்கவில்லை. வரிசைக்கு வரிசை வரும் கிராம் வித்தியாசத்தைவிட, பாட்டிலில் நான் குடிக்காமல் சுமந்து வரும் தண்ணீர் அதிகம். வேகங்களின் எண்ணிக்கையை, அதாவது பின் சக்கரங்கள் எத்தனை என்பதைப் பார்த்தேன், ஆனால் பயப்படவில்லை. 10-ஸ்பீடு செயினுக்கும் 11-ஸ்பீடு செயினுக்கும் உள் அகலம் கிட்டத்தட்ட ஒன்றே, அதனால் 11-ஸ்பீடு கிராங்கில் என் 10-ஸ்பீடு செயின் ஒழுங்காகவே ஓடுகிறது. ஸ்ராமின் தட்டை முதுகு செயின் மட்டும் விதிவிலக்கு, அதன் உருளைகள் பருமன், அதற்கென்று செய்த வளையம்தான் வேண்டும். ஷிமானோவின் 12-ஸ்பீடு சாலை கிராங்குகளில் செயின் கோடு 43.5இலிருந்து 44.5 மி.மீ. ஆகியிருக்கிறது, டிஸ்க் பிரேக் சைக்கிள்களின் அகலமான பின்பக்கத்துக்காக. என்னுடையது ரிம் பிரேக், எனக்கு அது வேண்டாம்.

பழையது வாங்கலாமா என்றும் யோசித்தேன். வாங்கலாம், கண்ணும் விளக்கும் இருந்தால். பெடல் துளையைச் சுற்றி முடி மாதிரி கோடு ஓடுகிறதா, இடது கையில் போல்ட் இறுக்கும் பிளவின் அடியில் விரிசல் இருக்கிறதா, மரை முழுசாக இருக்கிறதா (இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது). 2023 செப்டம்பரில் ஷிமானோ, 2019 ஜூலைக்கு முன் செய்த சில 11-ஸ்பீடு அல்டெக்ரா, டூரா-ஏஸ் கிராங்குகளைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொன்னது. அமெரிக்கா, கனடாவில் மட்டும் சுமார் 7,60,000. உள்ளே குழிவாக, இரண்டு பாகங்களை ஒட்டிச் செய்த கை அது. அந்த ஒட்டு விட்டுப்போகக்கூடும் என்பதுதான் பிரச்சினை. பழைய சந்தையில் அந்த ஆண்டுகளின் கிராங்க் ஒன்று கண்ணில் பட்டால், உள்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் பேரம் பேச வேண்டும். நான் புதியதே வாங்கினேன். அடிமட்டத்துக்கு ஒரு படி மேலே இருக்கும் வரிசை, 50/34, 165 மி.மீ.

மாட்டியது ஒரு மாலை வேலை. கப்பைக் கழற்ற வேண்டியிருக்கவில்லை. கழற்ற வேண்டியவர்களுக்கு: பிஎஸ்ஏவில் வலது பக்கக் கப்பின் மரை தலைகீழ். அச்சில் லேசாக கிரீஸ் தடவி, வலது பக்கமிருந்து உள்ளே தள்ளினேன். கடைசி ஒரு சென்டிமீட்டருக்கு உள்ளங்கையால் தட்ட வேண்டியிருந்தது. இடது கை அச்சின் பற்களில் ஒரே ஒரு நிலையில்தான் ஏறும், இரண்டு பல் மட்டும் அகலமாக இருப்பதால். அதற்கு மேல் பிளாஸ்டிக் மூடி. இதைப் பலரும் உயிரைக் கொடுத்து இறுக்குவார்கள். அது இறுக்குவதற்கு இல்லை, பக்கவாட்டு ஆட்டத்தை எடுப்பதற்கு மட்டும். 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர், அதாவது இரண்டு விரலில் பிடித்துத் திருகினால் வரும் விசை. அதற்கென்றே தரும் கருவியும் குட்டிப் பிளாஸ்டிக் வட்டுதான், கைக்கு வலு கிடைக்காதபடி. பிறகு நடுவில் இருக்கும் சின்னத் தகட்டை அழுத்தினேன். அதன் முள் அச்சின் துளையில் டக் என்று உட்கார்ந்தது. கடைசியாக இரண்டு ஆலன் போல்ட்டுகளும் 12 முதல் 14 நியூட்டன் மீட்டர், இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாறி மாறி. ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் முதலாவது தளர்ந்திருக்கும்.

பெடல். இந்த முறை ஸ்பேனரை அறையின் மறுகோடியில் வைத்துவிட்டு வந்தேன். மரையில் கிரீஸ், இடது பெடல், விரலால் எதிர்த்திசையில் ஒரு சுற்று, இரண்டு, மூன்று, நான்கு. எந்தத் தடையும் இல்லாமல் தானாக உள்ளே போய்க்கொண்டே இருந்தது. கழுத்து கிராங்கைத் தொட்ட பிறகுதான் எழுந்துபோய் ஸ்பேனரை எடுத்தேன்.

மறு ஞாயிறு அதே ஏற்றம். முதல் கிலோமீட்டரில் கால் தடுமாறியது. சின்ன வட்டம், ஏதோ குழந்தைகள் சைக்கிளில் மிதிப்பது போல. இரண்டாவது கிலோமீட்டரில் மறந்துவிட்டது. கடைசி வளைவில் உட்கார்ந்தபடியே இருந்தேன். கணக்கு 57 என்று சொல்லியிருந்தது, ஹேண்டில்பாரில் இருந்த மானி 55 காட்டியது. மேலே போய் நின்றதும் நண்பன் குனிந்து என் சின்ன வளையத்தில் பொறித்திருந்த எண்ணைப் படித்தான். அவனுடையது இன்னும் 130 மி.மீ. ஐந்து விரல்.

"உன் பழைய 53 என்னாச்சு? புதுசு மாதிரி இருந்துச்சே."

"இருக்கு. வேணுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் மூச்சு வாங்கினான். "வேணாம்" என்றான்.